பழைய கெர்னலும் புதிய கம்பைலரும்

நான் படிப்பது பி.காம். உனக்கெதுக்குடா லினக்ஸ் கெர்னல் என்று நண்பர்கள் திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அறைத்தோழன் வைத்திருக்கும் ஒரு பழைய கருவியின் டிரைவர் 2.6.32 கெர்னலில்தான் ஓடும். மூல நிரல்தான் இலவசமாகக் கிடைக்கிறதே, இறக்கி கம்பைல் செய்தால் முடிந்தது என்று உட்கார்ந்தேன். ஒரு ராத்திரி போச்சு :-)

2009 டிசம்பரில் வெளியான 2.6.32 மேக்ஃபைலிலேயே மக்கர் செய்தது. சாதாரண இலக்கையும் பேட்டர்ன் இலக்கையும் ஒரே விதியில் சேர்த்து எழுதியிருந்தார்கள். குனு மேக் அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டதை, 2010இல் வந்த 3.82 பதிப்பு பிழை என்று சொல்லிவிட்டது. அதைத் திருத்தினால் அடுத்தது இன்னும் வேடிக்கை. கம்பைலரின் பதிப்பு எண்ணை ஒட்டித்தான் ஹெடர் கோப்பின் பெயரையே இந்தக் கெர்னல் உருவாக்குகிறது. ஜிசிசி 6 வைத்திருந்தால் 'கம்பைலர்-ஜிசிசி6' என்ற ஹெடரைத் தேடும். 2009இல் அதை யார் எழுதியிருப்பார்கள்? ஜிசிசி 4க்கான கோப்போடு கதை முடிகிறது. (2015இல் வந்த 4.2 கெர்னலில்தான் இவற்றையெல்லாம் ஒரே கோப்பாக்கினார்கள்.) பெர்ல் 5.22 செய்த தகராறு தனி.

மேக் எழுதியவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆவணத்தில் இல்லாத வசதியை நம்பியது கெர்னல்காரர்கள்தான். ஆனால் என் புகார் வேறு. கெர்னலோடு வரும் ஆவணத்தில் குறைந்தபட்சம் ஜிசிசி 3.2 வேண்டும் என்று இருக்கிறது. அதிகபட்சம் பற்றிப் பேச்சே இல்லை. இனி வரப்போகும் கம்பைலரை யாராலும் சோதிக்க முடியாது, சரி. வெளியிட்ட அன்றைக்கு எந்த கம்பைலர், எந்த மேக், எந்த பெர்ல் வைத்துக் கட்டிப் பார்த்தோம் என்று எழுதி வைக்கலாமே? எந்தக் கணக்கியல் கொள்கைப்படி கணக்கு எழுதினோம் என்ற குறிப்பு இல்லாமல் ஒரு கம்பெனி ஆண்டறிக்கை வெளியிட முடியாது. கணக்குப்பிள்ளைகளுக்கே இந்த ஒழுங்கு இருக்கிறது!

இன்னொன்று. பிழைச்செய்தியைத் தேடித்தேடி ஒவ்வொரு வரியாக ஒட்டுப்போட்டு ஒருவழியாகக் கட்டி முடித்தாலும் அது 2.6.32தானா? நான் கைவைத்த இடமெல்லாம் என் சரக்கு. டிரைவர் சொதப்பினால் தப்பு யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கடைசியில் டெபியன் 6ஐத் தேடிப் பிடித்தேன். 2011 பிப்ரவரியில் வந்த அதில் 2.6.32 கெர்னலும் ஜிசிசி 4.4ம் ஒன்றாகவே இருக்கின்றன. பழைய பொதிகளைத் தூக்கிப் போடாமல் டெபியன் தன் காப்பகத்தில் வைத்திருப்பது பெரிய புண்ணியம். மெய்நிகர் கணினியில் நிறுவி, ஒரு வரிகூட மாற்றாமல் டிரைவரைக் கட்டினேன், ஏறிவிட்டது. டீ வாங்கித் தருகிறேன் என்று சொன்ன அறைத்தோழனைத்தான் இன்னும் காணோம்.