ஓட்டுங்கள், இல்லையேல் முறையாக உறங்க வையுங்கள்

எங்கள் சூலக்கரையில் உறை போட்டு மூடிய கார்கள் பெருகிவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே, கார் போர்ட்டிகோவில். தினமும் காலையில் வீட்டுப் பெரியவர் வந்து உறையை விலக்கி, சாவியைத் திருகி, ஐந்து நிமிடம் இன்ஜினை ஓட விட்டு அணைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறார். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

காரணம் சொல்கிறேன். வண்டி நிற்கும்போதும் பேட்டரியில் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படி இறங்கியது ஐந்து நிமிடத்தில் ஏறாது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடானால் அது வெளியே போய்விடும். சூடாவதற்குள் அணைத்தால் சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கும். சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் 'இவெர்நாஜ்' என்றொரு சொல் உண்டு. வண்டியையோ படகையோ குளிர்காலம் முழுவதும் ஓட்டாமல் பத்திரப்படுத்தி வைப்பது அதன் ஒரு பொருள். வெப்ப நாடுகளின் மழைக்காலம் என்பது இன்னொரு பொருள். நமக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். ஐப்பசியும் கார்த்திகையும் நம் வண்டிகளுக்குச் சோதனைக் காலம். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்கள், 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். நம் கரிசல் பூமியில் அவ்வளவு தண்ணீர் வராது. ஆனால் பிரேக் டிஸ்க்கில் துரு ஏற ஈரக்காற்றே போதும்.

குளிர் நாடுகளில் இதை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார்கள் பாருங்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். சார்ஜ் இறங்கிய பேட்டரி அந்தக் குளிரில் உறைந்தே போகும். அதனால் ஓட்டாத வண்டியின் பேட்டரியைச் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே உறையாது என்பதால் நமக்கு அலட்சியம். உண்மையில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது குளிரைவிட வெயில்தான். சித்திரையில் கெட்டது மார்கழி விடியலில்தான் தெரியவரும்.

எங்கள் தெருவில் அப்படித்தான் தெரியவந்தது. பின்னிரவு இரண்டு மணிக்கு ஓர் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். தினமும் ஐந்து நிமிடம் ஓடிய அந்த வீட்டுக் கார் அன்றைக்கு 'டிக் டிக்' என்றதோடு சரி. 108 வந்து அவரை அழைத்துப்போனது, பிழைத்துக்கொண்டார். அவசரத்துக்கு என்று வைத்திருந்த கார் அவசரத்துக்கு உதவவில்லை.

அலுவலகத்தில் கோப்பு ஒன்று நடப்பில் இருக்க வேண்டும், அல்லது முடித்துக் கட்டிப் பதிவறைக்குப் போக வேண்டும். நிலுவையில் கிடப்பதுதான் தொல்லை. காரும் அப்படித்தான்.

நடப்பில் வைப்பதென்றால் வாரம் ஒருமுறை நான்குவழிச் சாலையில் சாத்தூர் வரை போய்த் திரும்புங்கள். நம் வயதில் கண்ணும் காலும் ஒத்துழைக்காவிட்டால் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுங்கள். அவர் கூலி புது பேட்டரியைவிடக் குறைவுதான்.

மாதக்கணக்கில் உறங்க வைப்பதென்றால் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு நிறுத்துங்கள். பெட்ரோல் டாங்க்கை நிரப்புங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் அது ஈரத்தை இழுக்கும், காலி இடம் குறைவாக இருப்பது நல்லது. டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டால் ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரியில் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். பக்கத்தில் நெல் மூட்டை, மாட்டுத் தீவனம் வைத்தால் எலி வரும், ஒயரைக் கடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை வேண்டாம். பட்டாசு ஊரான நமக்கு இன்னொன்று: வெளியில் நிற்கும் காரின் உறையைத் தீபாவளியன்று கழற்றிவிடுங்கள். மத்தாப்புப் பொறி ஒன்று போதும், துணி பற்றிக்கொள்ளும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது.

இரண்டும் முடியாதென்றால் விற்றுவிடுங்கள். பிள்ளை வருஷத்துக்குப் பத்து நாள் வருவான், அந்தப் பத்து நாளைக்கு டாக்சி கிடைக்கும். 'அவன் வாங்கித் தந்தது, விற்றால் வருத்தப்படுவான்' என்று தயங்க வேண்டாம். போனில் பேசும்போது நேராகவே கேளுங்கள். பெற்றோர் சௌகரியமாகப் போய்வர வேண்டும் என்றுதான் அவன் வாங்கித் தந்தான். அந்தப் பணம் வங்கியில் இருந்தால், பின்னிரவு இரண்டு மணிக்கு அதுவும் உதவும்.