தியாகிப் பட்டம் வேண்டாம், டிசம்பரில் ஒரு டிக்கெட் போதும்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஏரல் கடைவீதிக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். தாமிரபரணியின் இரண்டு கரை ஊர்களிலிருந்தும் ஜவுளி எடுக்கவும் ஸ்டார் வாங்கவும் ஜனங்கள் வருவார்கள். சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் கீத பவனி தொடங்கிவிடும். வீடுகளில் முந்திரிக்கொத்துக்கும் முறுக்குக்கும் மாவு தயாராகும். எல்லாம் இருக்கும். பல வீடுகளில் ஓர் ஆள் மட்டும் இருக்க மாட்டார். அவர் ரியாத்திலோ, குவைத்திலோ, மஸ்கட்டிலோ வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

அவரைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது? "குடும்பத்துக்காக எவ்வளவு தியாகம் பண்ணுதான் பாருங்க!" மேடையில் பேசுபவரும் இதையேதான் சொல்கிறார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 'தியாகம்' என்ற சொல் ஒரு பெரிய மோசடிக்குப் போர்வையாக இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

தியாகம் என்றால் ஒருவர் தானாக விட்டுக்கொடுப்பது. லீவு கேட்டும் கிடைக்காதவர், லீவு கிடைத்தும் டிக்கெட் எடுக்க முடியாதவர், பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் பூட்டிக் கிடப்பவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. எடுத்துக்கொண்டவர்களைக் கேள்வி கேட்காமல், இழந்தவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்ன நியாயம்?

முதலில் லீவு விஷயத்தைப் பார்ப்போம். வளைகுடா நாடுகளில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை கிடையாது. 2023-ல் அது திங்கட்கிழமை, 2024-ல் புதன், 2025-ல் வியாழன். மூன்று ஆண்டும் அங்கே சாதாரண வேலை நாள். ஊரில் விடிகாலை 5 மணி ஆராதனைக்கு மணி அடிக்கும்போது சவூதியில் இரவு 2.30. வேலைக்குப் போகிறவர் கொஞ்சம் தூங்குவாரா, போனில் ஆராதனை பார்ப்பாரா? பஹ்ரைனில் 1939 முதலே கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது. துபாயில் இருக்கிறது, தோஹாவில் 2008-ல் வந்தது. சவூதியில் ஆலயமே கிடையாது.

இதைச் சொன்னதும் சிலர், "அது அவங்க நாடு, அவங்க சட்டம்" என்பார்கள். சரிதான். சவூதி அரசு கிறிஸ்துமஸுக்கு விடுமுறை விட வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பது வேறு. சவூதித் தொழிலாளர் சட்டமே ஆண்டுக்குக் குறைந்தது 21 நாள் சம்பளத்தோடு விடுமுறை என்கிறது. ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கு 30 நாள். ஆனால் அந்த 21 நாள் எப்போது என்பதைத் தீர்மானிப்பவர் முதலாளி. அதோடு, பல ஒப்பந்தங்களில் ஊருக்குப் போகும் டிக்கெட் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். சட்டம் 21 நாள் தந்தாலும், விமானம் ஏற முடியாத 21 நாளை வைத்துக்கொண்டு ஒருவர் அறையில் படுத்துக் கிடக்கத்தான் முடியும்.

இதெல்லாம் மாற்றவே முடியாத விதி என்று நினைப்பவர்கள் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய் ஒரு கப்பல்காரரிடம் பேசிப் பார்க்கலாம். கடலோடிகளுக்கு 2006-ல் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவானது. 2013-ல் நடைமுறைக்கு வந்தது, 2015-ல் இந்தியா அதை ஏற்றது. அதன்படி மாதத்துக்கு இரண்டரை நாள் விடுப்பு சேரும். தொடர்ந்து 12 மாதம் ஒருவரைக் கப்பலில் வைத்திருக்கக் கூடாது. ஊருக்கு அனுப்பும் செலவு கப்பல் முதலாளியுடையது. 2020-ல் கொரோனா வந்து ஏறத்தாழ 4 லட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் தவித்தபோது, அது உலகப் பிரச்சினை ஆயிற்று. அந்த டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானமே போட்டது. ஏன்? உரிமை என்று எழுதி வைத்திருந்தார்கள், அதனால் மீறல் கண்ணில் பட்டது. தரையில் வேலை பார்க்கும் டிரைவருக்கும் கடை ஊழியருக்கும் அப்படி எழுதி வைக்கவில்லை. அதனால் அவர் நாலு வருஷம் வராவிட்டாலும் அது செய்தி ஆவதில்லை, 'தியாகம்' ஆகிவிடுகிறது!

இனி நம் அரசைப் பற்றி. இந்தியாவுக்கு 2024-ல் வெளிநாடுகளிலிருந்து வந்த பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. உலகிலேயே முதலிடம். இந்தப் பெருமையைச் சொல்லாத அமைச்சர் இல்லை. அனுப்பியவர்களுக்கு என்ன கிடைத்தது?

பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக 1983-ன் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். அவர்களுக்கு நாடு வாரியாக, வேலை வாரியாகக் குறைந்தபட்சச் சம்பளத்தை இந்திய அரசே குறிக்கிறது. சம்பளத்தைக் குறிக்க முடிகிற அரசுக்கு, "ஆண்டுக்கு ஒரு முறை, தொழிலாளி கேட்கும் மாதத்தில் விடுமுறை, போக வர டிக்கெட்" என்று ஒரு வரி சேர்க்க முடியாதா? பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அந்த அனுமதி முறையே இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாவது தேறாதவர்கள்? படித்ததற்குத் தண்டனையாக இருக்கிற பாதுகாப்பும் போனது.

பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பதும் அப்படித்தான். இந்தியப் பாஸ்போர்ட் சட்டப்படி அது எப்போதும் மத்திய அரசின் சொத்து. தன் சொத்தை ஓர் அந்நிய முதலாளி பூட்டி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு ஓர் அரசு சும்மா இருக்கிறது.

அடுத்தது டிக்கெட். டிசம்பர் மூன்றாம் வாரம் வளைகுடாவிலிருந்து வரும் விமானக் கட்டணம் எப்படி ஏறும் என்பது வெளிநாட்டில் ஆள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். கேட்டால், "சந்தை விலை, அரசு தலையிட முடியாது" என்பார்கள். 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டு விமானக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது யார்? 2025 டிசம்பரில் விமானங்கள் கூட்டமாக ரத்தானபோது மறுபடியும் உச்சவரம்பு வைத்தது யார்? மனமிருந்தால் முடிகிறது. உள்நாட்டில் பறப்பவருக்கு முடிந்தது, ரியாத்திலிருந்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் முடியாதா?

பிலிப்பைன்ஸ் இதில் நமக்கு அண்ணன். 1988-ல் அதிபர் கோரசோன் அக்கினோ வெளிநாட்டில் வேலை செய்யும் தம் மக்களை 'புதிய வீரர்கள்' என்று புகழ்ந்தார். நம் 'தியாகி' மாதிரி அதுவும் ஒரு பட்டம்தான். ஆனால் அவர்கள் பட்டத்தோடு நிற்கவில்லை. 1995-ல் சட்டம் போட்டு, வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பயண வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தார்கள். நம்மூரில் ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நல்லது, கொண்டாடட்டும். ஆனால் டிசம்பர் 25-க்கு வர முடியாதவருக்கு ஜனவரி 12-ல் விழா எடுத்து என்ன பயன்?

அரசை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. ஊரும் இதில் கூட்டுக் களவாணிதான். ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். அதற்கு மேல் கேட்டாலும், வட்டிக்கு வாங்கிக் கொடுத்து அனுப்புவது யார்? கடன் முடிந்ததும் தங்கச்சி கல்யாணம். அது முடிந்ததும் மாடி வீடு. "இன்னும் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு வா மக்கா" என்று போனில் சொல்லும் அதே வாய்தான், "பிள்ளை இல்லாம பண்டிகையே நல்லாயில்ல" என்று பக்கத்து வீட்டில் அழுகிறது. அசனத்துக்கும் கட்டட நிதிக்கும் முதலில் போன் போவது அவருக்குத்தான். நன்கொடைப் பலகையில் பேர் இருக்கும், பந்தியில் ஆள் இருக்க மாட்டார்.

"யார் போகச் சொன்னது? உள்ளூரிலேயே இருக்கலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. ஏரல் வட்டாரத்தில் வாழையும் நெல்லும் கடையும் தவிர ஓர் இளைஞனை இருத்தி வைக்க என்ன இருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும். போவது அவர் முடிவாகவே இருக்கட்டும். போனவர் திரும்பி வரும் நாளை மட்டும் ஏன் மற்றவர்கள் எல்லாம் முடிவு செய்கிறார்கள்? "இப்பத்தான் வீடியோ கால் இருக்கே" என்று இன்னொரு சமாதானம். 2023 டிசம்பர் 17, 18-ல் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது. பாலம் சேதமானது, கரண்ட் போயிற்று, செல்போன் டவர்களும் போயின. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் வெளிநாட்டில் இருந்தவர்கள் வாட்ஸப் குரூப்புகளில் தவித்தார்கள். வீடியோ கால் மனிதனுக்கு மாற்று அல்ல என்பதை அந்த இரண்டு நாள் நன்றாகவே சொல்லிக் கொடுத்தது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான பேச்சும் இல்லை. ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வர நினைப்பவருக்கும், தீபாவளிக்கு வர நினைப்பவருக்கும், அப்பாவின் திவசத்துக்கு வர நினைப்பவருக்கும் இதே பூட்டுதான். அதனால்தான் எந்த நாளில் விடுமுறை என்று சட்டம் சொல்ல வேண்டாம், அந்த நாளைத் தொழிலாளி சொல்லட்டும் என்பது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி. கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு. பாஸ்போர்ட் அவரவர் கையில். வீட்டில் "போதும் மக்கா, வந்துரு" என்று சொல்லும் ஒரு வாய். இந்த நாலும் கிடைத்த பிறகும் ஒருவர் டிசம்பரில் வராமல் அங்கேயே வேலை செய்தால், அன்றைக்கு அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவரை அந்தச் சொல்லை எடுக்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.