கொடையா, கடனா?

கனடாப் பூர்வகுடி மக்களின் 62 கலைப்பொருள்களைத் திருத்தந்தை 14ஆம் லியோ 2025 நவம்பர் 15 அன்று அந்நாட்டு ஆயர் பேரவையிடம் ஒப்படைத்தார். நூறாண்டுக்குப் பின் நிகழ்ந்த இச்செயலை வரவேற்காதார் யார்? ஆனால் வத்திக்கான் அதற்கு இட்ட பெயர் ‘கொடை’. அச்சொல்லைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

1925 யூபிலி ஆண்டில் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் மாபெரும் மறைபரப்புக் கண்காட்சி நடத்தினார். உலகெங்கிலுமிருந்து ஓர் இலட்சம் பொருள்கள் உரோமைக்குச் சென்றன. அவை மறைபரப்பாளர் திருத்தந்தைக்கு அளித்த அன்பளிப்புகள் என்பதே நெடுநாளைய விளக்கம். அளித்தார், சரி, அவர் கைக்கு அவை எவ்வாறு வந்தன?

கனடாவின் பசிபிக் கரையோர மக்களிடையே பொட்லாட்ச் என்றொரு விழா உண்டு. திருமணம், பெயர்சூட்டல், இறந்தோர் நினைவு ஆகியவற்றையொட்டித் தலைவர் தம் செல்வத்தை விருந்தினருக்கு வாரி வழங்குவார். வழங்கிய அளவே அவர் பெருமை. இவ்விழாவை 1885 முதல் 1951 வரை அரசு சட்டத்தால் தடுத்தது. அத்தடையை வேண்டியவர்களுள் மறைபரப்பாளரும் இருந்தனர். 1921இல் அலர்ட் பே அருகே விழா நடத்தியோர் மீது வழக்குத் தொடர்ந்து, முகமூடிகளை ஒப்படைத்தால் சிறையில்லை என்றார் அரசு அதிகாரி. பெற்றவற்றை அவ்வூர் ஆங்கிலிக்கன் பங்கு மண்டபத்தில் பரப்பிக் காட்சிக்கு வைத்தனர். ஆடுவதற்கென்று செதுக்கிய முகமூடி அன்றே கண்காட்சிப் பொருளாயிற்று. சிறைக்கு அஞ்சிக் கொடுத்தவன் கொடையாளியா? கொடுப்பதையே அறமாகக் கொண்டிருந்த மக்களுக்கு, கொடை இன்னதென்று நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

வத்திக்கானிலுள்ள ஒவ்வொரு பொருளும் இவ்வாறு பறித்தது என்று நான் சொல்லவில்லை. விலைக்கு வாங்கியவையும் உண்டு. ஆயினும் சடங்குகள் தடைசெய்யப்பட்டு, பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட காலம் அது. அப்பள்ளிகளுள் பெரும்பாலானவற்றை நடத்தியவை நம் திருச்சபையின் நிறுவனங்களே. அக்காலத்தில் ‘மனமுவந்து தந்தனர்’ எனில், அதற்குச் சான்று காட்டும் பொறுப்பு வைத்திருப்பவருடையது.

“நாம் காத்திராவிட்டால் அழிந்திருக்கும்” என்பர் சிலர். வீட்டுக்காரனை வெளியேற்றியவன், பூட்டிக் காத்தேன் என்பதா?

பிறர் பொருளைத் திருப்பித் தருவதைப் புனித தாமஸ் அக்குவினாஸ் நீதியின் கீழ் வைத்தாரேயன்றி அன்பின் கீழ் அன்று. கொடை பெற்றவர் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர். கடன் திரும்பப் பெறுபவருக்கு அச்சுமை இல்லை. 2023இல் இதுபற்றிப் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ் ஏழாம் கட்டளையையே சுட்டினார். ஆயினும் அதே ஆண்டு பார்த்தெனோன் சிற்பத் துண்டுகள் மூன்று ஏதென்சுக்குச் சென்றபோதும் எழுதப்பட்ட சொல் ‘கொடை’தான். ஏன் இந்தக் கூச்சம்? கடனென்று ஒப்பினால் மீதிக்கும் கணக்குக் காட்ட வேண்டிவரும்.

அலர்ட் பே மக்களுக்கு முகமூடிகள் திரும்பியபோது, அருங்காட்சியகம் கட்டினால்தான் தருவோம் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. இந்த 62இல் ஒன்று இனுவியாலுயிட் மக்களின் கயாக் என்னும் தோல் படகு. அதை எங்கே வைப்பது, எவருக்குக் காட்டுவது, காட்டுவதா வேண்டாமா என்பதை இம்முறை அவர்களே முடிவுசெய்யட்டும். உரோமையில் எஞ்சியுள்ள பொருள்களின் முழுப் பட்டியலும் உரிய மக்களின் கைக்குச் செல்லட்டும்.