தபால் லேட்... தண்டனை கரெக்ட் டைம்!

ரீவேல்யூவேஷனுக்குக் கடைசித் தேதியைக் கோட்டை விட்டால் நமக்கு என்ன போகும்? ஒரு அரியர். ஜெயிலில் இருப்பவருக்கு அப்பீல் தேதி போனால்?

நம்ம ஹீரோ ஒரு யுனிவர்சிட்டி வாத்தியார். ஹீரோன்னா சும்மா ஒரு பேச்சுக்கு! கர்நாடகா யுனிவர்சிட்டி பெயரில் போலி முத்திரை செய்ய பம்பாயில் ஆள் பிடிக்கப் போய், வசமாக மாட்டியவர். செஷன்ஸ் கோர்ட், கோர்ட் கலையும்வரை சிறை, கூடவே அபராதம் என்று லேசாக விட்டது. 1973-ல் ஹைகோர்ட் அதை மூன்று வருஷக் கடுங்காவல் ஆக்கியது.

சுப்ரீம் கோர்ட் போகணும்னா தீர்ப்பு நகல் வேணும். ஹைகோர்ட் இலவச நகலை உடனே ஜெயில் சூப்பிரண்டுக்கு அனுப்பிவிட்டது. ‘எனக்கு வரவே இல்லை’ என்கிறார் கைதி. ‘கொடுத்தோம்... கருணை மனுவோடு வைக்கத் திரும்ப வாங்கினோம்’ என்கிறது ஜெயில். சரி, கொடுத்ததுக்குக் கையெழுத்து? அதுதான் இல்லை! 1978-ல் வேறு நகல் வாங்கி சுப்ரீம் கோர்ட் படியேறியபோது நாலு வருஷத்துக்கு மேல் லேட். தண்டனையே முடிஞ்சு போச்சு சார்!

மனு தள்ளுபடி. தப்பு தப்புதானே. ஆனால் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதோடு விடவில்லை. நகல் கைதியின் கைக்கே போகணும், கொடுத்ததுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கணும், அப்பீல் போட ஜெயில் எல்லா வசதியும் செய்யணும், வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு இலவச வக்கீல் தரணும் என்று வரிசையாகச் சொன்னார். ஹோஸ்காட் வழக்கு என்று கேட்டால் லா காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் கடகடவென ஒப்பிப்பார்கள். பலரும் இலவச வக்கீலைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தக் கையெழுத்துதான் பெரிசாகத் தெரியுது. அது இல்லாவிட்டால் கைதி பேச்சை யார் நம்புவார்?

2024 ஜூலையில் குற்ற நடைமுறைச் சட்டமே மாறியாச்சு. ஆனாலும் உள்ளே இருக்கிறவர் ஜெயில் அதிகாரியிடம் மனு கொடுப்பது, அவர் கோர்ட்டுக்கு அனுப்புவது... இந்த ரூட் மாறலை. நடுவில் மேஜையில் தூங்கினால்?

அமெரிக்காவில் இதற்கே ஒரு கேஸ் உண்டு. அப்பீல் நோட்டீஸுக்கு 30 நாள் கெடு. வக்கீல் இல்லாத கைதி 27-ம் நாளே ஜெயிலில் கொடுத்துவிட்டார். கோர்ட் முத்திரை விழுந்தது 31-ம் நாள்! வெளியே இருப்பவன் நேரில் ஓடலாம், போன் போடலாம். இவர் என்ன செய்வார்? ஜெயிலில் கொடுத்த நாள்தான் கணக்கு என்று 1988-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஐந்து நீதிபதிகள் சரி என்றார்கள், நாலு பேர் முடியாது என்றார்கள். ஜஸ்ட் பாஸ்!