காஞ்சிக்குப் புதிதாக ஒரு கோடை விழா வேண்டுமா?

மே மாதம் பிறந்தால் அரசின் கோடை விழா மலையேறிவிடும். உதகையில் மலர்க் காட்சி, கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் படகுப் போட்டி, நாய்க் காட்சி. வெயிலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் ஓடும் இடம் அதுதான் என்பதால் இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்நாட்டின் அசல் கோடை விழாக்கள் கத்திரி வெயிலிலேயே, சமவெளியிலேயே நடக்கின்றன. காஞ்சிபுரமும் அதைச் சுற்றியுள்ள பாலாறு, செய்யாறு வட்டாரமும் பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை ஓய்வதில்லை.

சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்துக்குப் போகிறார். அங்கே நிலத்துக்கடியில் படியிறங்கிப் போகும் நடவாவிக் கிணற்றில், தண்ணீரை முன்கூட்டியே இறைத்துவிட்டு, உள்ளேயுள்ள மண்டபத்தில் அவரை எழுந்தருளச் செய்கிறார்கள். பிறகு பாலாற்று மணலில் பள்ளம் பறித்து ஊறல் உற்சவம். மணலை அள்ளித் தீர்த்த ஆற்றில் ஊற்று இப்போது எத்தனை அடிக்குக் கீழே போய்விட்டது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். வைகாசியில் பத்து நாள் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் கருட சேவைக்கு விடியும் முன்பே கோபுர வாசலில் கூட்டம் நெரியும். பழங்காலப் பக்தரான சோளிங்கர் தொட்டாச்சார்யாருக்காகப் பெருமாளைக் குடைகளால் ஒரு கணம் மறைத்துக் காட்டும் அந்தக் காட்சிக்குத்தான் அவ்வளவு தள்ளுமுள்ளும். காஞ்சிக்குக் குடையழகு என்று சும்மா சொல்லவில்லை. வடகலை, தென்கலைத் தகராறு மட்டுமே மறுநாள் செய்தியாகிவிடுவது இந்த ஊரின் தலையெழுத்து.

விழாவால் பேர்பெற்ற பழைய ஊர் என்றுதான் பெரும்பாணாற்றுப்படையும் காஞ்சியை அறிமுகப்படுத்துகிறது. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டில், காஞ்சிக்கு முன்னால் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது. கலங்கரை விளக்கமும் வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்குக்குக் காஞ்சி, சிங்களத்துக்குக் கப்பலேறும் ஊர். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானதோடு மாமல்லபுரமும் அந்தப் பக்கம் போனது. பல்லவர் தலைநகரின் பெயரைத் தாங்கிய மாவட்டத்துக்கு இன்று ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாது.

கடலும் கோடை விழாவும் ஒன்றாக உள்ள ஊருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் பிரான்சின் மேற்கு முனையான பிரிட்டானிக்குப் போகலாம். அங்கே லோரியான் என்றொரு துறைமுகம். 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவே உருவான ஊர். கீழைநாட்டு வாணிபம்தான் அதன் பெயரிலேயே இருக்கிறது. புதுச்சேரியில் ஏற்றிய சோழமண்டலக் கரைப் பருத்தித் துணி அங்கேதான் போய் இறங்கியது. அதே பிரெஞ்சுக்காரர்கள் 1757இல் காஞ்சிக் கோயிலைத் தாக்கி, உள்ளே புக முடியாமல், போகிற போக்கில் ஊருக்குத் தீ வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரில் லோரியானுக்கும் அந்தக் கதி நேர்ந்தது. ஜெர்மானியரின் நீர்மூழ்கித் தளத்தைக் குறிவைத்து 1943இல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளில் ஏறக்குறைய ஊர் முழுக்க அழிந்தது. தளம் மட்டும் தப்பியது. சாம்பலிலிருந்து கட்டிய அந்த ஊரில் 1971 முதல் ஆகஸ்டு தொடக்கத்தில் சுமார் பத்து நாள் கெல்ட்டிய இசை விழா நடக்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், ஸ்பெயினின் கலீசியா என்று கெல்ட்டிய மரபு சொல்லிக்கொள்ளும் நாடுகளிலிருந்தெல்லாம் கலைஞர்கள் வருகிறார்கள். பல லட்சம் பேர் கூடுகிறார்கள்.

கூட்டத்தை வைத்து அளந்தால் காஞ்சி எதற்கும் சளைத்ததில்லை. 2019இல் அத்திவரதரைப் பார்க்க 48 நாளில் ஒரு கோடி பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். லோரியானிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது கூட்டம் சேர்க்கும் வித்தை அல்ல. விழா முடிந்த பிறகு மீதி பதினொரு மாதமும் அங்கே என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்டானியில் பிரெத்தோன் மொழியை ஒரு நூற்றாண்டுக்கு முன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் அவமானச் சின்னத்தைத் தொங்கவிட்ட காலமும் உண்டு. இன்று பேசுபவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டித்தான். மொழி இப்படித் தேய்ந்துகொண்டிருந்தபோதே இசையை மட்டும் பிடித்து நிறுத்தினார்கள். எப்படி? 1940களில் ஸ்காட்லாந்துப் பைக்குழல் அணிகளைப் பார்த்துத் தங்களுக்கென்று ‘பகாட்’ என்ற வாத்திய அணியை உருவாக்கினார்கள். பைக்குழலும் முரசும் ஸ்காட்லாந்து பாணி; பொம்பார்ட் என்ற குழல் மட்டும் அவர்களுடைய சொந்தச் சரக்கு. புராதன மரபு என்று நாம் நினைத்துப் பார்க்கும் அந்த ஊர்வலம் உண்மையில் நம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்! ஆனாலும் அது வேர்பிடித்ததற்குக் காரணம் உண்டு. பெரிய அணிகள் தம்முடனேயே சிறுவர் அணியையும் வைத்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளை அதில் சேர்ந்து, சில வருடங்களில் பெரிய அணிக்குப் போகிறான். அணிகளுக்குத் தரவரிசை உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு. முதல் தர அணிகளின் கோடைச் சுற்று லோரியான் விழாவில் நடக்கிறது. குளிர்காலம் முழுக்க ஒத்திகை பார்ப்பது அந்த ஒரு நாளுக்காக.

பக்கத்துத் துறைமுகமான பிரெஸ்டில் 1992இல் நடந்த கடல் விழாவிலும் இதே சூட்சுமம்தான். அதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு பத்திரிகை போட்டி அறிவித்தது: ஒவ்வொரு கரையோர ஊரும் வழக்கொழிந்துபோன தன் ஊர்ப் படகைத் திரும்பக் கட்ட வேண்டும். ஊர் ஊராகப் பணம் வசூலித்தார்கள். ஓய்ந்துகிடந்த தச்சர்களைத் தேடிப் பிடித்தார்கள். கட்டிய படகுகள் விழாவுக்குப் பாய்விரித்து வந்தன. விழாவைக் காட்சியாக வைக்காமல் கெடுவாக வைத்ததில் இருக்கிறது அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

காஞ்சிக்குத் திரும்புவோம். இங்கே அப்படிக் கெடு வைத்து ஆடும் கலை கூத்து. செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறினால் பத்து நாளோ இருபது நாளோ பாரதம். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி விளக்குவார், இரவில் கட்டைக்கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று வரிசையாக வரும். அர்ச்சுனன் தபசன்று நட்டுவைத்த உயரமான மரத்தில் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளைவரம் கேட்கும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே காத்திருப்பார்கள். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பூதாகரமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையைப் பிளந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்ததும், மாலையில் தீமிதி.

கூத்தின் இந்த அர்ச்சுனன் தபசைச் சுற்றுலாத் துறையின் மாமல்லபுரம் நாட்டிய விழாவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பாறைச் சிற்பம் உள்ள ஊரில் மார்கழிக் குளிரில் வெளிநாட்டாருக்காக அது நடக்கிறது. நல்ல நாட்டியம், நல்ல ஒலிபெருக்கி. ஆனால் அந்த மேடையை நம்பி மாமல்லபுரத்துப் பிள்ளை ஒன்று எதையாவது கற்றுக்கொள்ளத் தொடங்கியதா என்று கேட்டால் அங்கே பதில் கிடைக்காது.

பொம்பார்ட்டும் நம் கூத்தின் முகவீணையும் ஒரே சாதி வாத்தியங்கள். இரண்டும் சீவாளி வைத்து ஊதும் குட்டைக் குழல்கள். இரண்டும் திறந்த வெளியில் தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்றே கீச்சுக் குரலில் பேசும். பிரிட்டானியின் இரவு நடனங்களில் ஒருவர் பாட, அவர் அடியை முடிக்கும்முன்பே மற்றவர் கடைசி அசைகளில் சேர்ந்துகொண்டு அதைத் திருப்பிப் பாடுவார். கூத்தில் பின்பாட்டுக்காரர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். வேஷக்காரர் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடமும் அதுதான். அந்த இரவு நடனக் கூடல் 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே பொம்பார்ட்டைப் பிள்ளைகள் கும்பல் கும்பலாகக் கற்கிறார்கள். இங்கே முகவீணை ஊதுபவர்கள் அருகிப்போய், ஆர்மோனியத்தை மட்டும் வைத்து ஒப்பேற்றும் ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், பெருகிவிட்டன.

சிறுவர் அணிக்கு ஈடாக ஒன்று காஞ்சிப் பக்கத்திலேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி பிராயினும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தோடு இணைந்து, புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் நடந்தது. 2002இல் தொடங்கியது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள். அதுவரை ஆண்களே பெண் வேஷமும் கட்டிய கலையில் பெண் பிள்ளைகள் துரியோதனனாக ஆடினார்கள். 2020இல் அது மூடப்பட்டது. அது மூடியதற்குச் சட்டமன்றத்தில் யாரும் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கிராமத்து விழாவைத் தூக்கிப்பிடிக்கும்போது அதன் கோளாறையும் சொல்லிவிட வேண்டும். தலைக்கட்டு வரி போட்டுத்தான் பாரதத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். யார் வீட்டில் வரி வாங்குவது, யார் தெருவுக்குச் சாமி போவது என்பதில் சாதி குறுக்கே நிற்கும் ஊர்கள் இன்னும் உண்டு. காசு கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கினால் யாரும் போகலாம் என்கிற லோரியானுக்கு இந்தச் சங்கடம் இல்லை. இதைப் பேசாமல் ‘மண்ணின் கலை’ என்று கண்ணீர் விடுவது பாதி உண்மைதான்.

கூத்துப் பார்க்க ஆள் குறைந்ததற்குத் தொலைக்காட்சியைக் குறைசொல்வது பழைய வழக்கம். இந்த மாவட்டத்தில் அதைவிடப் பெரிய காரணம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள். நெசவாளர் வீட்டுப் பையனும் குடியானவர் வீட்டுப் பையனும் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க இருட்டிலேயே கிளம்புகிறார்கள். விடிய விடிய உட்கார்ந்து கர்ணன் சாவதைப் பார்க்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்கு ஆள் கிடைக்காததும் கூத்து ஜமாவுக்கு ஆள் கிடைக்காததும் ஒரே நோய். கோர்வைத் தறியில் கரை போட உட்காரும் பையனும், பின்பாட்டுப் பாடிப் பழகும் பையனும் முன்பெல்லாம் கூடவே இருந்து பார்த்துத்தான் கற்றார்கள். மாதச் சம்பளம் வந்த பிறகு அப்படிக் கூடவே இருக்க யாருக்கும் நேரமில்லை. இது குற்றச்சாட்டு அல்ல. அந்தப் பையன்கள் சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

அரசு செய்யக்கூடியது பெரிய காரியம் எதுவுமில்லை. சென்னை சங்கமத்துக்குக் கலைஞர்களைப் பூங்காக்களுக்கு அழைத்துவந்து ஆடவைப்பது நல்லதுதான். அவர்களுக்கு நாலு காசு கிடைக்கிறது. ஆனால் இரவெல்லாம் ஆடும் கூத்தை மேடை நேரத்துக்குள் நறுக்கும்போது பிழைப்பது வேஷமும் குதிப்பும் மட்டும்தான்; பாட்டு போய்விடுகிறது. காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. நாதசுரம், தவில், தேவாரம், பரதம் எல்லாம் மூன்று வருடப் படிப்பாகச் சொல்லித்தருகிறார்கள். அங்கே முகவீணைக்கும் கூத்துப் பாட்டுக்கும் ஆளுக்கொரு ஆசிரியரைப் போட்டு, கற்க வரும் பிள்ளைக்கு ஷிப்டு கூலியில் பாதியாவது உதவித்தொகையாகக் கொடுத்தால் போதும். கலை பண்பாட்டுத் துறை சில ஊர்களில் வார இறுதி நாட்டுப்புறக் கலைப் பயிற்சியைத் தொடங்கியிருப்பது சரியான திசை. ஆனால் வாரத்துக்கு நாலைந்து மணி நேரத்தில் முகவீணை வசப்படாது. கல்யாண முருங்கை மரத்தில் கூத்து வேஷத்துக்கான கிரீடமும் புஜகட்டையும் செதுக்கிக் கண்ணாடி பதிப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பிரெஸ்டுக்காரர்கள் படகுக்குச் செய்ததை நாம் கூத்துக் கட்டைக்குச் செய்யலாம்.

இன்னொன்றுக்குச் செலவே கிடையாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் அதிகபட்சம் பதினைந்து நாள், அதுவும் நள்ளிரவு வரை மட்டும் விலக்கு தரலாம். கூத்து களைகட்டுவதே பத்து மணிக்கு மேல்தான். ஆக, ஒலிபெருக்கி வைத்து விடிய விடிய ஆடும் பாரதம் காவல் ஆய்வாளர் மனமிரங்கி நடப்பது. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவரிடம் மறுபடி கைகட்டி நிற்க வேண்டும். விதியிலுள்ள பதினைந்து நாளை எந்தெந்த நாள் என்று மாவட்டவாரியாகப் பிரித்து, பாரதம் நடக்கும் மாதங்களுக்கு ஒதுக்க முடியுமா என்று மாநில அரசு சட்டத் துறையைக் கேட்கலாம். நள்ளிரவுக்குப் பிறகு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, பழையபடி குரலையும் முகவீணையையும் நம்பி ஆடச் சம்மதமா என்று ஜமாக்களைக் கேட்கலாம். மூத்த வாத்தியார்கள் பலர் சரியென்பார்கள் என்றே தோன்றுகிறது. வாத்தியங்களுக்கும் இரவுக் கட்டுப்பாடு உண்டு என்பதால் அதற்கும் மத்திய அரசின் விதியில் ஒரு திருத்தம் தேவைப்படும். பங்குனியில் கொடியேற்றப் போகும் ஊர்கள் மாசியிலேயே காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிடும். கேட்பதானால் அதற்கு முன்பே கேட்க வேண்டும்.