வயதான நாய்க்கு எதற்கு வித்தை?



போன வாரம் எங்கள் மணியின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். முன்னங்கால் மேல் ஒரு கேரட் துண்டை வைத்துக்கொண்டு, நான் "எடு" என்று சொல்லும்வரை அசையாமல் படுத்திருக்கும் படம். லைக் நிறைய வந்தது. கூடவே நாலைந்து பேர், "பத்து வயசு நாயை ஏன் சார் படுத்துறீங்க, பாவம், நிம்மதியா கிடக்கட்டுமே" என்று எழுதியிருந்தீர்கள். என் தங்கை போனிலேயே கேட்டுவிட்டாள்: "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாண்ணே?" இதற்கெல்லாம் ஒற்றை வரியில் பதில் போட மனம் வரவில்லை. அதனால் இந்த நீளப் பதிவு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தப் பழமொழியோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. சின்ன வயதில் கற்றுக்கொள் என்பதற்காகச் சொன்னது அது. நாம் அதை, கற்றுக்கொடுக்காமல் இருப்பதற்குச் சாக்காக வைத்துக்கொண்டோம். எட்டு வயதுப் பையனைக் காட்டியே "இனிமே இவன் எங்க வளையப் போறான்" என்று சொன்னவர்களை என் பணிக்காலத்தில் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன் இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பத்துப் பேருக்கு வேலை பழக்குகிறான். (இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாய், தெரியும்.) ஐம்பதை விடுங்கள். கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 2018-இல் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியபோது அவருக்கு வயது 96.

நாய்க்கு வருவோம். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இதை முறையாகச் சோதித்து 2016-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஐந்து மாதக் குட்டி முதல் பதின்மூன்று வயதுக் கிழம் வரை, எல்லாமே பார்டர் காலி இனம். தொடுதிரையில் இரண்டு படம் வரும். சரியான படத்தை மூக்கால் தொட்டால் தீனி. வயதான நாய்களுக்குக் கூடுதல் தடவை சொல்லித்தர வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் 'இது தப்பென்று ஏற்கெனவே தெரியும், அப்படியானால் புதிதாக வந்திருக்கும் அதுதான் சரி' என்று கழித்துப் பார்த்து முடிவெடுக்கும் கணக்கில் கிழங்கள் குட்டிகளை மிஞ்சிவிட்டன. ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தபோது, கற்றதை நினைவில் வைத்திருப்பதில் வயது வித்தியாசமே தெரியவில்லை. மெதுவாகப் படித்தாலும் மறக்காத மாணவன். எந்த ஆசிரியருக்குக் கசக்கும்?

நாங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உளவியல் தாளுக்காக தார்ன்டைக்கின் மூன்று விதிகளை உருப்போட்டோம்: தயார்நிலை விதி, பயிற்சி விதி, விளைவு விதி. அவர் கூண்டில் அடைத்துப் பார்த்தது பெரும்பாலும் பூனைகளை. பாவ்லோவ் பார்த்தது நாய்களை. பரீட்சைக்கு எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம், வகுப்பறைக்குப் போனதும் கையில் பிரம்பை எடுத்துக்கொண்டார்கள் பலர். அந்த விதிகள் வரிக்கு வரி வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கிழட்டு நாயிடம் போங்கள்.

மணி நாட்டு நாய். 2015 டிசம்பர் வெள்ளத்தில் குட்டியாக எங்கள் மாடிப்படிக்கு வந்து சேர்ந்தவன். அவனுக்கு நான் செய்தது இவ்வளவுதான். வழுக்கும் டைல்ஸ் தரையில் கோணிச் சாக்கை விரித்துப் படுக்கச் சொன்னேன். முதல் இரண்டு நாள் தீனியே காலில் வைக்கவில்லை, என் விரலை மட்டும் வைத்தேன். காலை இழுக்காமல் இருந்தால் மறு கையிலிருந்து வேகவைத்த கோழித் துண்டு. பிறகு கேரட்டை ஒரு விநாடி வைத்து, நானே எடுத்துவிட்டு, மறுபடி கோழி. கேரட் மேல் அவனுக்குப் பெரிய ஆசை கிடையாது, அதனால் காத்திருப்பது எளிது. எடுத்த எடுப்பில் கோழியையே காலில் வைப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மடியில் பலகாரத்தை வைத்துவிட்டு வாய்ப்பாடு கேட்பது மாதிரி. ஒரு விநாடி இரண்டாகி, ஐந்தாகி, பத்தாக மூன்று வாரம் ஆனது. ஒரு வேளைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் போகமாட்டேன். வெயில் ஏறுவதற்குள், சாப்பாட்டுக்கு முன்னால். தினமும்கூடக் கிடையாது, வாரத்தில் மூன்று நாள். கோபன்ஹேகனில் பீகிள் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது. தினமும் பழக்கிய நாய்களைவிட வாரம் ஓரிரு முறை பழக்கியவை குறைந்த பாடங்களிலேயே கற்றுக்கொண்டன. டியூஷன் டியூஷன் என்று பிள்ளையை ஓட்டும் பெற்றோர் கவனிக்க.

மூக்கின் மேல் பிஸ்கட் வைக்கும் வீடியோக்களை நிறைய பேர் எனக்கு அனுப்புகிறீர்கள். அதை நான் செய்யமாட்டேன். வயதான நாய்க்குக் கழுத்து மூட்டில் தேய்மானம் இருக்கலாம், தலையை மட்டமாக நிறுத்தி வைப்பது வலிக்கும். அது வாய்விட்டுச் சொல்லாது. தவிர, ஒரு நிமிடம் எச்சில் ஒழுக ஒழுகக் காக்கவைத்துவிட்டுச் சுற்றி நின்று சிரிப்பது பாடம் இல்லை, கேலி. வித்தை நாய்க்காக இருக்க வேண்டும், கேமராவுக்காக அல்ல.

சரி, வித்தையே எதற்கு? அதற்கு வருகிறேன். இரண்டு வருடமாக மணி கேட் ஓரமாகவே கிடந்தான். வாய் வைத்துக் குரைப்பதும் குறைந்துவிட்டது. வீட்டில் யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, வேளைக்குச் சோறு வைத்தோம். ஆனால் அவன் பேரைச் சொல்லி யாரும் எதுவும் கேட்கவில்லை. வயதாகிவிட்டால் எதுவும் கேட்காமல் விட்டுவிடுவதே மரியாதை என்று நினைக்கிறோம், நாயிடமும் சரி, மாமியாரிடமும் சரி. இப்போது சாக்கை எடுத்தாலே வாலாட்டிக்கொண்டு வருகிறான். சொன்னதைச் செய்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான் பாருங்கள், அந்தப் பார்வை முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் நான் பார்த்த பார்வை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஏரிக்கரையில் கழுத்துப் பட்டையோடு அலைந்த வயதான நாய்களை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். யாரோ வண்டியில் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் தெரியாமல் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. 'இனி இதனால் என்ன பயன்' என்ற எண்ணம் வந்த பிறகுதான் கை துணிகிறது. கூடவே உட்கார்ந்து ஒரு பாடம் சொல்லிக்கொடுத்த நாயை அப்படி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்க மனம் வராது என்பது என் நம்பிக்கை.

கடைசியாக, பூந்தமல்லியிலிருந்து என் பழைய மாணவி கேட்டிருந்தாள்: "எங்க நாய்க்குப் பன்னிரண்டு வயசு சார், கண்ணு மங்கிடுச்சு, காதும் சரியில்ல. அதுக்கு முடியுமா?" முடியும்மா. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடு. நம் பக்கத்திலிருந்து வேப்பேரிக்குப் போகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், கண்ணையும் மூட்டையும் பார்த்துச் சொல்வார்கள். சரி என்றால், சொல்லுக்குப் பதில் தொடுகையை வைத்துக்கொள்: தோளில் ஒரு தட்டு என்றால் 'இரு', இரண்டு தட்டு என்றால் 'எடு'. தொடுவதற்கு முன்னால் உன் கையை முகரக் கொடு, திடுக்கிடாது. தீனி வாசனை உள்ளதாக இருக்கட்டும், அவித்த முட்டை நல்லது. திராட்சை, வெங்காயம், சாக்லேட் மூன்றும் வேண்டவே வேண்டாம், நாய்க்கு விஷம். காலை இழுத்துக்கொண்டால் அன்றைக்கு லீவு விட்டுவிடு. பத்து நாள் கழித்து எப்படிப் போகிறது என்று எழுது.