டிஸ்னிக்குப் போகிற ரயில் வன்சென்னிலும் நிற்கும்

பாரிசில் வீடு வைத்திருப்பவனுக்குக் கோடை விடுமுறை வந்தாலே தலையிடிதான். லண்டன், கனடா என்று எல்லாத் திக்கிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கும். முதல் நாள் ஐஃபெல் கோபுரம், அடுத்த நாள் லா சப்பலில் சேலைக்கடை, பிறகு முழுநாளும் டிஸ்னிலாண்ட். வந்த சனத்தின் ஆசையில் நான் ஏன் மண் போடுவான்? ஆனால் டிஸ்னிக்குப் போகும் ஆர்.ஈ.ஆர் ஏ ரயில் வன்சென் நிலையத்தில் கதவைத் திறந்து மூடும்போதுதான் எனக்கு வயிறு எரியும். அங்கே இறங்கிக் கொஞ்சத்தூரம் நடந்தால் பிரெஞ்சு அரசர்கள் குடியிருந்த அசல் கோட்டை. நாங்கள் 1992 இல் திறந்த கோட்டையைப் பார்க்க, வரிசையில் நிற்பதற்கென்றே காசு கட்டிப் போகிறோம்.

போன கோடையில் பிடிவாதமாக எல்லோரையும் வன்சென்னில் இறக்கினேன். மனைவியின் தம்பி வாசலிலேயே தொடங்கிவிட்டான்: "அத்தான், உதுக்குள்ள என்ன கிடக்கு? வெறுங்கல்லுத்தானே."

அந்த வெறுங்கல்லு ஐம்பது மீட்டர் உயரம். இடைக்காலத்தில் கட்டிய கோட்டைக் கோபுரங்களில் ஐரோப்பாவில் இன்று நிற்பவற்றில் இதுதான் உயரமானது என்கிறார்கள். ஐந்தாம் சார்ல் சும்மா ஆசைக்கு இதைக் கட்டி முடிக்கவில்லை. 1356 இல் தகப்பன் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். 1358 இல் பாரிஸ் கலகக்காரர்கள் அரண்மனைக்குள் புகுந்து, இளவரசனாக இருந்த இவன் கண்முன்னாலேயே இரண்டு தளபதிகளை வெட்டிப் போட்டார்கள். அதற்குப் பிறகு எவனுக்கு அந்த நகரத்துக்குள் நித்திரை வரும்? நகரத்தை விட்டு வெளியே, ஆனால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில், மூன்று மீட்டர் தடிப்புச் சுவருக்குள் போய்ப் படுத்தான். கோபுரத்தைச் சுற்றித் தனி மதில், தனி அகழி. அதற்கும் வெளியே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெரிய மதில். பயந்தவன் கட்டிய வீடு அது, பார்த்தாலே தெரியும்.

இதையெல்லாம் நான் தொண்டைத்தண்ணி வற்றச் சொல்ல, மச்சான் போனை நோண்டிக்கொண்டு நின்றான். மேல் மாடியில் அரசனின் அறைக்கு ஏறினோம். நடுவில் ஒற்றைத் தூண், அதிலிருந்து விரிந்து வளையும் கூரை. அவ்வளவு பாரத்தையும் இவ்வளவு மெல்லிய தூண் எப்படித் தாங்குகிறது என்று நான் வாயைப் பிளக்கிறேன். "அரசன்ரை கட்டில் எங்கை, அத்தான்? தங்கம் ஒண்டையும் காணேல்லையே?" என்கிறான் இவன். அந்தக் கால அரசன் போகிற இடமெல்லாம் கட்டில், திரைச்சீலை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டல்லவா போனான்! பதினான்காம் லூயியோடு அரசவை வெர்சாய்க்குப் போய்விட, கோபுரம் சிறையாக நிலைத்தது. 1749 இல் எழுத்தாளர் தீதரோவை இங்கே அடைத்தபோது, அவரைப் பார்க்க நண்பர் ரூசோ பாரிசிலிருந்து நடந்தே வருவாராம். மிராபோவும் மார்க்கி த சாத்தும் இதே கோபுரத்தில் கிடந்தவர்கள். கைதிகள் கீறிவைத்த எழுத்துகள் சுவரில் இன்னும் இருக்கின்றன. மருமகள் அதிலே ஒன்றை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். "கெதியா வா பிள்ளை, மிக்கி போயிடும்" என்று தாய் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

வெளியே வந்து அகழியை எட்டிப் பார்த்தபோது, இதையும் சொல்லித் தொலைப்போம் என்று பழைய அரச வம்சத்து ஆங்கியான் பிரபுவின் கதையைச் சொன்னேன். நெப்போலியன் ஆள் அனுப்பி எல்லைக்கு அப்பாலிருந்து தூக்கிவந்து, இராத்திரியோடு இராத்திரியாக விசாரணை நடத்தி, 1804 மார்ச் 21 அன்று இந்த அகழியில் வைத்துத்தான் அவரைச் சுட்டார்கள். வழக்கு முடியமுன்னமே குழி வெட்டியாயிற்று. மச்சான் போனைப் பையில் போட்டான். "உண்மையாவோ? வேறை ஆரைச் சுட்டவங்கள்?"

1917 இல் உளவாளி என்று குற்றம் சாட்டி மாதா ஹரியையும் வன்சென்னில்தான் சுட்டார்கள், ஆனால் அது இராணுவச் சுடுதிடலில் என்றேன்.

"இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே அத்தான்! அது எந்தப் பக்கம்? வாங்கோ, ஒரு போட்டோ எடுப்பம்."